கணினிக்கு வயதாவது எங்கே?

1991 டிசம்பர். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தை இணையத்தில் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் அவருக்கு எழுதினார். தன் கணினியில் 2 மெகாபைட் ராம்தான் இருக்கிறது, அதில் லினக்ஸின் மையமான கெர்னலைக் கம்பைல் செய்ய இடம் போதவில்லை என்றார். டோர்வால்ட்ஸின் கணினியில் 4 மெகாபைட் இருந்ததால் அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தும் கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, ராம் நிரம்பும்போது அதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிவைக்கும் நிரலை எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது சேர்ந்தது. லினக்ஸில் ஸ்வாப் என்று இன்று நாம் சொல்லும் வசதி அப்படித்தான் வந்தது.

அந்த லினக்ஸ் இன்று எங்கோ போய்விட்டது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அது பிறந்தது ஒரு சின்னக் கணினியில். அதைவிடச் சின்னக் கணினி வைத்திருந்தவர்களின் தேவைகளும் சேர்ந்துதான் அதை வளர்த்தன. அதனால் இருபத்தைந்து வயதான ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவுவது அதன் இயல்புக்கு ஒத்த வேலை.

அந்த வேலையை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். புதுக் கணினியில் பென் டிரைவைச் செருகி நாலு தடவை ‘அடுத்து’ என்று அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. பழைய கணினியில் அப்படி இல்லை. ஒவ்வோர் இடத்திலும் முட்டும். முட்டுகிற இடத்திலெல்லாம் கணினியின் ஓர் அடுக்கு வெளியே தெரியும்.

எந்தக் கணினியும் எந்த வேலையையும் செய்யும்

‘இந்தப் பழைய கணினியில் இது ஓடாது’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கண்டிப்பான பொருளில் அது உண்மையில்லை. 1936இல் ஆலன் டூரிங் காட்டிய முடிவு இது: தன் நிலையை மாற்றிக்கொள்ளவும், நாடாவில் எழுதவும் அழிக்கவும் தெரிந்த மிக எளிய ஓர் எந்திரத்துக்குச் சரியான விதிகளைக் கொடுத்துவிட்டால், வேறு எந்த எந்திரம் செய்யும் கணக்கையும் அது செய்துவிடும். தேவையான அளவு இடமும் நேரமும் கொடுத்தால் போதும்.

2024இல் டிமிட்ரி கிரின்பெர்க் என்ற பொறியாளர் இதை ஓர் எல்லைக்கே கொண்டுபோனார். 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான் உண்டு. ஒரு நேரத்தில் நான்கு பிட்டுகளைத்தான் அதனால் கையாள முடியும். மிப்ஸ் வகைச் செயலி ஒன்றைப் போல நடிக்கும் நிரலை அவர் 4004க்காக எழுதி, அந்தக் கற்பனைச் செயலியின் மேல் லினக்ஸை ஏற்றினார். லினக்ஸ் எழுந்து நின்று கட்டளைக்குக் காத்திருக்க 4.76 நாள் ஆனது. கிட்டத்தட்ட நான்கேமுக்கால் நாள், ஆனாலும் ஓடியது.

அப்படியானால் ‘ஓடாது’ என்பதற்கு இரண்டே பொருள்தான் இருக்க முடியும். ஒன்று, நம் பொறுமைக்குள் ஓடாது. மற்றது, அந்த மென்பொருளை எழுதியவர்கள் கணினியிடம் எதிர்பார்த்த ஏதோ ஒன்று இந்தக் கணினியில் இல்லை. செயலிக்கு இன்னின்ன கட்டளைகள் தெரிந்திருக்கும், ராம் இவ்வளவாவது இருக்கும், டிஸ்க்கை இப்படி அணுகலாம், கடிகாரம் சரியான நேரம் காட்டும் என்று மென்பொருள் எதையெல்லாமோ நம்பிக்கொண்டு எழுதப்படுகிறது. அதை ஓர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 2000இல் செய்த செயலி அன்று நொடிக்கு எத்தனை கூட்டல் போட்டதோ அத்தனையை இன்றும் போடுகிறது. மாறிப்போனவை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள்.

நம் முன்னால் உள்ள கணினி

பென்டியம் 3 கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2000, 2001 வாக்கில் தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் வரிசையாக நின்ற வகை. செயலியின் வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குள். இன்டெல் 815 சிப்செட் உள்ள மதர்போர்டு. ராம் 256 மெகாபைட். அந்தச் சிப்செட் 512க்கு மேல் ஏற்காது. 20 ஜிகாபைட் ஐடிஇ ஹார்ட் டிஸ்க். சிடி டிரைவ், ஃப்ளாப்பி டிரைவ் இரண்டும் உண்டு. யுஎஸ்பி துளைகள் இருந்தாலும் அவற்றிலிருந்து பூட் செய்ய, அதாவது இயங்குதளத்தை எழுப்ப, மதர்போர்டில் முதலில் ஓடும் பயாஸ் நிரலுக்குத் தெரியாது.

மின்சாரம் கொடுக்கும் முன் கேபினட்டைத் திறந்து பார்க்க வேண்டும். தூசியைத் தூரிகையால் தட்டியெடுத்துவிட்டு, செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளை, அதாவது கெப்பாசிட்டர்களை, ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ மாற்றியாக வேண்டும். 1999 முதல் சில ஆண்டுகள் உலகெங்கும் விற்ற மதர்போர்டுகளில் தரக்குறைவான கெப்பாசிட்டர்கள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. அந்தக் காலக் கணினிகளில் உண்மையாகவே மூப்படையும் உறுப்புகளில் இது முதலாவது. தேய்ந்துபோகும் ஹார்ட் டிஸ்க் இரண்டாவது. நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரி மூன்றாவது. ராம் அட்டைகளைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் துடைத்து மீண்டும் செருகுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிடுங்கள். பழுதான ராமின் மேல் நிறுவிய எந்த இயங்குதளமும் காரணம் தெரியாமல் சாகும்; பழி லினக்ஸின் மேல் விழும்.

அந்தக் காலக் கணினிக்கு அந்தக் கால மென்பொருளையே போட்டால் பறக்குமே என்று தோன்றலாம். பறக்கும்தான். 2001இன் லினக்ஸோ விண்டோஸ் எக்ஸ்பியோ இதில் சுகமாக ஓடும். ஆனால் இணையத்தோடு இணைக்க முடியாது. எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதன் பின் கண்டுபிடித்த ஓட்டைகள் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. இன்றைய இணையதளங்கள் பேசும் மறையாக்க முறைகளும் அந்தக் கால உலாவிக்குத் தெரியாது. பழைய உடம்பில் புதிய, இன்றும் யாரோ பராமரிக்கிற மென்பொருள் வேண்டும் என்பதுதான் நம் சிக்கலின் மையம்.

முதல் 512 பைட்

சுவிட்சைப் போட்டதும் பென்டியம் 3 தன்னை 1978ஆம் ஆண்டின் 8086 என்று நினைத்துக்கொண்டுதான் விழிக்கிறது. ஒரு மெகாபைட் நினைவகத்துக்கு மேல் அப்போது அதற்குத் தெரியாது. பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக இன்டெல் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த பழக்கம் இது. அந்த நிலையில் பயாஸ் ஓடி, ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரை மட்டும் படித்து, நினைவகத்தின் 31,744ஆம் முகவரியில் வைத்து, ‘இனி நீ பார்த்துக்கொள்’ என்று ஒதுங்கிவிடுகிறது.

அந்த ஒரு செக்டரின் அளவு 512 பைட். அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் 446 பைட்டில் நிரல். அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு வரிசைதான் அதில் அடங்கும். ஒரு டிஸ்க்கில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது என்ற பழைய விதி இங்கிருந்து வருகிறது. கடைசி இரண்டு பைட்டில் 85, 170 என்ற இரண்டு எண்கள். இந்த இரண்டும் அங்கே இருந்தால்தான் இது பூட் ஆகும் டிஸ்க் என்று பயாஸ் நம்பும். க்ரப் போன்ற பூட் நிரல்களின் முதல் துண்டு அந்த 446 பைட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் மீதி உடம்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துவருகிறது. அந்த மீதி, கெர்னலை எடுத்துவருகிறது. இந்தக் கைமாற்றத்தின் வழியில் செயலி 32 பிட் நிலைக்கு மாறிவிடுகிறது. அதன்பின் டிஸ்க், திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் கெர்னலின் சொந்த டிரைவர்களே கவனித்துக்கொள்வதால் பயாஸுக்கு அங்கே வேலை குறைந்துவிடுகிறது.

பழைய கணினிக்காரருக்கு இந்தக் கைமாற்றம் மிகவும் பயன்படும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பயாஸ்கள் பலவற்றுக்கு 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற அளவுக்கு மேல் எண்ணத் தெரியாது. பெருக்கிப் பார்த்தால் 52,84,82,304 பைட், அதாவது 528 மெகாபைட். டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் அவற்றின் கண்ணுக்கு அவ்வளவுதான். ஆனால் லினக்ஸ் எழுந்துவிட்டால் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசி முழு அளவையும் பார்த்துவிடும். அதனால் கெர்னல் கோப்புகள் மட்டும் பயாஸின் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தால் போதும். டிஸ்க்கின் தொடக்கத்தில் பூட்டுக்கென்று சிறிய பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக ஒதுக்கச் சொல்லும் பழைய அறிவுரைக்குக் காரணம் இதுவே.

நிறுவும் கோப்பைக் கணினிக்குள் கொண்டுபோவது அடுத்த சிக்கல். சிடியிலிருந்து பூட் செய்யும் எல் டொரிட்டோ முறை 1995இல்தான் வகுக்கப்பட்டது; அதற்கு முந்தைய கணினிகள் ஃப்ளாப்பியை மட்டுமே நம்பும். நம் பென்டியம் 3க்குச் சிடி போதும். சிடி டிரைவ் படிக்கவில்லை என்றால் பிளாப் போன்ற சிறு பூட் நிரலை ஃப்ளாப்பியில் எழுதி, அதன் வழியாகப் பென் டிரைவை எழுப்பலாம். இன்னும் எளிதாக, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கணினியில் மாட்டி, அங்கே 32 பிட் லினக்ஸை நிறுவி, திரும்பக் கொண்டுவந்து பொருத்திவிடலாம். ஒவ்வொரு முறை எழும்போதும் கெர்னல் எதிரே என்ன வன்பொருள் இருக்கிறது என்று புதிதாகத் தேடிப்பார்ப்பதால், வேறு மதர்போர்டில் கண்விழிப்பது அதற்குப் பெரிய அதிர்ச்சி இல்லை.

தெரியாத கட்டளை

இனி எந்த லினக்ஸைத் தேர்வது என்ற கேள்வி. இங்கேதான் பலர் முதல் முறையாக முட்டி நிற்பார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் நிரல் தொடங்கிய வேகத்தில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடும்.

நிரலாசிரியர் எழுதிய மூலத்தைக் கம்பைலர் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. எந்தச் செயலி வரைக்கும் புரிந்தால் போதும் என்று அப்போதே முடிவு செய்தாக வேண்டும். இன்டெல் ஒவ்வொரு தலைமுறையிலும் புதுக் கட்டளைகளைச் சேர்த்தது. 1995இன் பென்டியம் புரோவில் நிபந்தனையோடு மதிப்பை நகர்த்தும் கட்டளை வந்தது. ஏஎம்டி கே6 செயலிகளில் அது இல்லை. அதனால் பென்டியம் புரோவை அளவுகோலாக வைத்துக் கம்பைல் செய்த லினக்ஸ் அவற்றில் ஓடாது. 1999இன் பென்டியம் 3இல் எஸ்எஸ்இ தொகுதி வந்தது. அடுத்த ஆண்டு பென்டியம் 4இல் எஸ்எஸ்இ2 வந்தது. 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி லினக்ஸில் எஸ்எஸ்இ2 கட்டாயம் என்று முடிவு செய்தது. அன்றோடு நம் பென்டியம் 3க்கு அந்த உலாவியின் புதிய பதிப்புகள் இல்லாமல் போயின.

லினக்ஸ் பிறந்த செயலிக்கே இந்த நிலை வந்தது. டோர்வால்ட்ஸ் முதன்முதலில் எழுதியது இன்டெல் 386க்காக. 2012 டிசம்பரில் இங்கோ மோல்னார் அனுப்பிய திருத்தம் 386 ஆதரவைக் கெர்னலிலிருந்து நீக்கியது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பு முதல் அது இல்லை. காரணம் நியாயமானது. எழுதக் கூடாது என்று குறித்து வைத்த நினைவகப் பக்கத்திலும் கெர்னல் எழுதப்போனால் 386 தடுக்காது. 486 முதல்தான் அந்தத் தடை உண்டு. அதனால் ஒவ்வொரு முறை எழுதும் முன்னும் கையால் சரிபார்க்கும் நிரலை 386க்கென்று தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது. ஒரு மதிப்பை ஒப்பிட்டு, சரியென்றால் ஒரே வீச்சில் மாற்றும் கட்டளையும் 386இல் இல்லை. பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிரும் இன்றைய உலகில் அது அடிப்படை. ஏறத்தாழ யாரும் பயன்படுத்தாத செயலிக்காக எல்லோரும் பாரம் சுமந்தார்கள்.

லினக்ஸை நிறுவத் தயாரான தொகுப்பாக்கித் தரும் பெரிய டிஸ்ட்ரோக்களும் படிப்படியாக விலகின. உபுண்டு 2017இல் 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. ஃபெடோரா 2019இல் 32 பிட் கெர்னலைக் கைவிட்டது. நெடுநாள் தாக்குப்பிடித்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கான கெர்னலையும் நிறுவும் நிரலையும் விட்டுவிட்டது. அதற்கு முந்தைய 12ஆம் பதிப்பு பென்டியம் 3இல் ஓடும். அதன் மேல் கட்டப்பட்ட ஆன்ட்டிஎக்ஸ் 23 பழைய கணினிகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. இன்னும் சின்னதாக வேண்டுமானால் டைனி கோர் இருக்கிறது. 486 செயலியிலேயே ஓடும். சாளரங்களோடு கூடிய அதன் முழுக் கோப்பும் ஏறக்குறைய 20 மெகாபைட்தான். 46 மெகாபைட் ராம் இருந்தால் எழுந்துவிடும். 2003இல் ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுவதும் ராமுக்குள் ஏறி அங்கிருந்தே ஓடும்.

தேர்வதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நிறுவாமலே ஓடும் லைவ் சிடியில் எழுப்பி, செயலியின் விவரத்தைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் ‘எல்எம்’ என்ற இரண்டெழுத்து இருந்தால் உங்கள் செயலி 64 பிட். 2006க்குப் பின் வந்த கோர் 2 டியோ கணினிகள் பல 32 பிட் விண்டோஸோடு விற்கப்பட்டதால், அவை 32 பிட் என்றே உரிமையாளர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கணினிக்கு இன்றைய டெபியனே போதும்.

65,536 பக்கங்கள்

லினக்ஸ் ராமை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. 256 மெகாபைட் என்றால் 65,536 பக்கங்கள். ஒரு நிரலைத் தொடங்கும்போது அதன் எல்லாப் பக்கங்களும் ராமுக்கு வருவதில்லை. தொட்ட பக்கம் மட்டுமே வரும். பத்து நிரல்கள் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தினால் அந்த நூலகத்தின் நிரல் பக்கங்கள் ராமில் ஒரு பிரதிதான் இருக்கும். இவ்வளவு சிக்கனம் இருப்பதால்தான் சின்ன ராமில் பெரிய வேலை நடக்கிறது.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. க்னோம் போன்ற முழு டெஸ்க்டாப் எழுந்து நிற்கவே இன்று ஒரு ஜிகாபைட் அளவு கேட்கும். ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம் போன்ற எளிய சாளர மேலாளர்கள் சில மெகாபைட்டில் பிழைத்துக்கொள்ளும். பழைய கணினியில் லினக்ஸின் வேகம் முதலில் இந்தத் தேர்வைத்தான் பொறுத்தது.

தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராம் நிரம்பிவிட்டது, தேவையான பக்கம் ஸ்வாப்பில் இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுக்கும். வேண்டிய இடம் ஹெட்டின் அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லிவினாடி. ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னும் 9 மில்லிவினாடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிவினாடி. அதற்குள் 1 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றரைக் கோடித் துடிப்புகளை வீணாகக் கழித்திருக்கும். பக்கங்கள் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் மோசமான நிலையில் நொடிக்கு 66 பக்கம்தான் திரும்பிவரும். 20 மெகாபைட் அளவுள்ள நிரலை முழுதாக மீட்க ஒன்றேகால் நிமிடம். அதற்கு இடம் கொடுக்க வெளியேற்றிய பக்கங்கள் அடுத்த நிமிடமே வேண்டியிருக்கும். மேடையில் இடமில்லாத அடுப்படியில் ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணில் ஏற்றி இறக்கிக்கொண்டே சமைப்பதுபோல் வேலை முழுவதும் தூக்கி வைப்பதிலேயே போய்விடும். ‘கணினி பழசாகிவிட்டது, ரொம்ப மெதுவாக இருக்கிறது’ என்று மக்கள் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் காதில் விழுவது இந்த டிஸ்க்கின் ஓசைதான். செயலியின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு மூன்று வைத்தியம். முதலாவது, ராமை 512ஆக்குவது; பழைய எஸ்டிராம் அட்டைகள் இன்னும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாவது, சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அடாப்டர் மூலம் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையோ எஸ்எஸ்டியோ பொருத்துவது. காம்பாக்ட் ஃப்ளாஷ் ஐடிஇ மொழியிலேயே பேசும். கணினி அதை ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். சுற்றுக்கும் நகர்வுக்கும் காத்திருக்கும் நேரம் அடியோடு போய்விடும். மூன்றாவது, 2014 முதல் கெர்னலில் முறையாக இடம்பெற்றுள்ள இசட்ராம். பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ராமிலேயே ஒரு மூலையில் வைக்கும் முறை இது. ஒரு பக்கத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பென்டியம் 3க்குச் சில பத்து மைக்ரோவினாடிகள் ஆகலாம். டிஸ்க்கோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் லாபம். சும்மா காத்திருந்த செயலிக்கு வேலை கொடுத்து, இல்லாத ராமை ஈடுகட்டும் இந்த உத்தி, புதுக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பயன்படுகிறது. சின்னக் கணினிக்காக யோசித்தது பெரிய கணினிக்கும் உதவும் என்பதற்கு இது நல்ல சான்று.

தேதி தவறினால் இணையம் இல்லை

நிறுவி முடித்தாயிற்று, கம்பியை மாட்டினால் வலையமைப்பும் கிடைக்கிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. சான்றிதழ் செல்லாது என்று பிழை வருகிறது. பலர் உலாவியைக் குறை சொல்லி நேரம் கழிப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சிஆர்2032 பேட்டரி. அது செத்துப்போனால், மின்சாரம் நின்றதும் மதர்போர்டின் கடிகாரம் தன் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். இணையதளத்தின் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. இன்று 2000 ஜனவரி என்று நம்பும் கணினிக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காத சான்றிதழ்தான். சில ரூபாய்ப் பேட்டரியும், நேரத்தை வலையிலிருந்து சரிசெய்யும் சேவையும் இதைத் தீர்த்துவிடும்.

மறையாக்கத்துக்கும் செயலி உழைக்க வேண்டும். ஏஇஎஸ் முறைக்கென்று 2010 முதல் இன்டெல் செயலிகளில் தனிக் கட்டளைகள் வந்தன. பென்டியம் 3இல் அவை இல்லை. ஆனால் டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த சாச்சா20 முறையில் கூட்டல், பிட் சுழற்றல், எக்ஸ்ஓஆர் என்ற மூன்று எளிய செயல்கள்தான் உண்டு. எந்தப் பழைய செயலிக்கும் அவை கைவந்த வேலை. இணையத் தொடர்பை மறையாக்கும் இன்றைய டிஎல்எஸ் 1.3 நெறிமுறையில் சாச்சா20உம் இடம்பெற்றிருப்பதால், தனி வன்பொருள் இல்லாத கணினியும் அதே பாதுகாப்போடு பேச முடிகிறது.

உலாவி மட்டும் உண்மையான சுவர். இன்றைய இணையப் பக்கங்கள் கொண்டுவரும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 512 மெகாபைட் ராமும் எஸ்எஸ்இ2 இல்லாத செயலியும் ஈடுகொடுக்க மாட்டா. டில்லோ, நெட்சர்ஃப் போன்ற சின்ன உலாவிகளில் எழுத்தும் படமும் நிறைந்த எளிய பக்கங்களைப் படிக்கலாம். வீடியோவையும் வங்கிப் பக்கத்தையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் இந்தக் கணினி செய்யும் மற்ற வேலைகளின் மதிப்பு தெரியும்.

அவற்றில் ஒன்று தமிழ். இந்தக் கணினி கடைக்கு வந்த நாளில் அதிலிருந்த விண்டோஸ் 98க்குத் தமிழ் எழுத்தே தெரியாது. டாப், டாம், டிஸ்கி என்று குறியாக்கங்கள் பலவாகக் கிடந்தன. ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவர் வைத்திருந்த அதே எழுத்துருவைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அதே இரும்பில் இன்று லினக்ஸ் ஏற்றினால் யூனிகோட் தமிழ் நேராகத் திரையில் வருகிறது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் சரியாக உட்காருகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யலாம். பிறந்தபோது தெரியாத மொழியை இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் ஒரு கணினி கற்றுக்கொள்ள முடிகிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

எதற்கு, எதுவரை

இப்படி எழுப்பிய கணினியில் கட்டுரை எழுதலாம், கணக்கு வைக்கலாம், பைத்தான் படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், பழைய அச்சுப்பொறியை ஓட்டலாம். இயங்குதளப் பாடம் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. மேலே சொன்ன ஒவ்வோர் அடுக்கையும் தொட்டுப் பார்த்து, கெட்டுப்போனால் மறுபடி நிறுவலாம். ஆனால் இரவும் பகலும் ஓடும் சேவையகமாக இதை வைக்க நான் சொல்லமாட்டேன். நம் பென்டியம் 3 செயலி ஏறக்குறைய 30 வாட்டில் அடங்கிவிடும். பின்னால் வந்த பென்டியம் 4 செயலிகளில் சில 115 வாட் வரை வடிவமைக்கப்பட்டவை. நாளெல்லாம் ஓட வேண்டிய வேலைக்கு, மொத்தமே 15 வாட் மின்இணைப்பில் ஓடும் ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு பலகைதான் மின்கட்டணத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லது.

32 பிட் கணினிகளுக்கு இன்னொரு தேதியும் காத்திருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44:07ஐத் தாண்டியதும் நிரம்பி, காலத்தை 1901க்குத் தள்ளிவிடும். 2020இல் வந்த 5.6 கெர்னல் 32 பிட் செயலிகளிலும் 64 பிட் நேரத்தைக் கையாளத் தயாராகிவிட்டது. மேலே ஓடும் நிரல்களை எல்லாம் அப்படி மாற்றிக் கம்பைல் செய்ய ஆள் வேண்டும். லினக்ஸ் ஒரு வன்பொருளைக் கைவிடுவது பெரும்பாலும் சோதித்துப் பார்க்க ஆள் இல்லாதபோதுதான். நம் 815 சிப்செட்டின் முப்பரிமாண வரைகலை டிரைவரும் அப்படி 2023இன் 6.3 பதிப்பில் நீங்கியது. உங்களிடம் ஓடும் நிலையில் ஒரு பழைய கணினி இருந்து, புதுப் பதிப்பில் ஏதாவது உடைந்தால், அதை முறையாகத் தெரிவிப்பது அந்த வகைக் கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் செய்யும் உதவி.

2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லோ புதிய தலைமுறைச் செயலியோ இல்லாததால் நல்ல நிலையில் உள்ள கணினிகள் ஏராளமாக மூலைக்குப் போகின்றன. அவை நாம் பார்த்த பென்டியம் 3ஐவிடப் பல மடங்கு வலுவானவை. அவற்றில் லினக்ஸ் நிறுவ இந்த அத்தியாயத்தின் பாதி வித்தைகள்கூடத் தேவைப்படாது. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ அப்படி ஒன்று கிடந்தால், விற்கும் முன் கெப்பாசிட்டரைப் பாருங்கள், ராம் எவ்வளவு என்று பாருங்கள், செயலி 64 பிட்டா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அந்தக் கணினிக்கு ஆயுள் பாக்கி இருக்கிறது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் திறந்த நிரலாக எழுதப்பட்டிருப்பதால் அவற்றைப் படிக்கவும் திருத்தவும் நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தும் கைகள் இருக்கும்வரை, ஒரு கணினி எப்போது ஓய்வுபெற வேண்டும் என்பதை அதை வைத்திருப்பவரே முடிவு செய்யலாம்.